பெரணிக்குக் கட்டிய வேட்டி

குன்னூர்ப் பனியைக் குடித்து வளர்ந்த செடி உத்திரமேரூர் வெயிலில் பிழைக்குமா என்று தெருவே சிரித்தது. சுந்தரவரதன் சிரிக்கவில்லை. தன் அப்பா தவறிய பிறகு பிறந்தகத்திலிருந்து அவர் மனைவி ஜலஜா கொண்டுவந்தது, மரம்போல் தண்டு விட்டு வளரும் அந்த மரப்பெரணி ஒன்றைத்தான். முழங்கால் உயரத் தண்டை ஈரச்சாக்கில் சுற்றி, ரயில் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

கிணற்றடியில் பலாமர நிழலில் நட்டார்கள். நாலு வருஷத்தில் இலைகள் குடையாய் விரிந்தன. மத்தியானத்தில் அவள் அதனடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். கண்ணை மூடினால் போதும், கிணற்றுக்குள்ளிருந்து குன்னூர் மூடுபனி மெல்ல எழுந்து வந்து மேலெல்லாம் படரும். சோறு ஆறினாலும் சுந்தரவரதன் கூப்பிடமாட்டார். அவள் முகம் தெளிந்திருப்பதே அந்த நேரத்தில்தான்.

அவருக்குக் கோயில் மடப்பள்ளியில் வேலை. எதைக் கண்டாலும் துலக்கிப் பளபளவென்று வைத்தாக வேண்டும், பாழாய்ப்போன கைப்பழக்கம். பங்குனியில் ஒரு நாள், தண்டெல்லாம் பழுப்பாய் நார் மண்டிக் கிடக்கிறதே என்று உட்கார்ந்து சுரண்டித் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டார் மனிதர்! போதாக்குறைக்கு, பெருமையாக மனைவியை வேறு கூப்பிட்டுக் காட்டினார்.

ஜலஜா ஓடிவந்து தண்டைத் தொட்டாள். “ஏன்னா, அது அழுக்கில்லை! அத்தனையும் வேர். அது வழியாத்தான் தண்ணி குடிக்கும்.”

அதன்பின் அவள் கிணற்றடிப் பக்கமே போகவில்லை. இலைகள் ஒவ்வொன்றாய்க் கருகித் தொங்கின.

கோயிலில் திருமஞ்சனம் நடந்த அன்று, பெருமாள் உடுத்திருந்த ஈரத்துணியைப் பிழிந்து தீர்த்தம் கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றவருக்கு என்னவோ தோன்றியது. வீட்டுக்கு வந்து தம் வேட்டியொன்றைத் தண்டில் சுற்றிக் கட்டினார். உச்சியிலிருந்து சொம்பு சொம்பாக வார்த்தார். துணி காயக் காய வார்த்துக்கொண்டே இருந்தார்.

மாட்டுக்குப் புல் கொண்டுவந்த முனியம்மாள் நின்று பார்த்தாள். “இன்னா சாமி, மரத்துக்கு வேட்டி கட்டிக்கினு கீறீங்க? எப்போ கண்ணாலம்?”

“பிழைக்கட்டும், சொல்றேன்,” என்றார் அவர்.

ஆடித் தூறல் விட்ட ஒரு சாயங்காலம், உச்சியில் குழந்தை விரல் மடக்கினாற்போல ஒரு குருத்து சுருண்டிருந்தது. சொம்பைக் கீழே வைத்தார். ஜலஜா தானாகவே வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு வேட்டி நுனியைப் பிழிந்து உள்ளங்கையில் ஏந்தினாள்.

“கையை நீட்டுங்கோ.”

வெட்டிப் போட்டால் தேவலை என்று இத்தனை நாளாய் அவர் வெறுத்த கை அது. அதைத்தான் நீட்டினார்.