கோப்பன்ஹேகனுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு அம்மா சொன்னது

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கட்டையில் ஓர் ஆணி கிடக்கும். என் நடுவிரலைவிடச் சற்று நீளம். அடி வாங்கி வாங்கித் தலை ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பக்கத்திலேயே உள்ளங்கைக்கு அடங்கிய ஒரு கல். கடையிலிருந்து எந்த டின் வந்தாலும், பால் டின்னோ மீன் டின்னோ, பையை இறக்கியதும் அம்மா அதன் தலையில் ஆணியை வைத்து இரண்டு ஓட்டை போட்டுவிடுவார். அன்றைக்கே அதைச் சமைக்கப் போகிறோமா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. நாடு விடுதலை பெற்று, அவசரகாலம் முடிந்து, நாங்கள் தோட்டத்தை விட்டுக் கோலசிலாங்கூர் பட்டணத்துக்குக் குடிவந்து, வீட்டில் ஐஸ் பெட்டி வாங்கிய பிறகும் இது நிற்கவில்லை. கல்யாணமான புதிதில் என் கணவர், "கெட்டுப் போயிடுமே அத்தை" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "கெட்டாக் கெட்டுட்டுப் போவுது மாப்ளே" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த டின்னை எடுத்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் வேலை விஷயமாகக் கோப்பன்ஹேகன் போய்த் தங்கியபோது என்னையும் வரச் சொன்னாள். செய்தி வெளியே போனதுதான் தாமதம், ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். புஞ்சாக் ஆலாமில் இருக்கும் என் தம்பி மகன் தினமும் கைப்பேசியில் ஏதாவது அனுப்புவான். குடை கொண்டு போகாதே, அங்கே அடிக்கிற காற்றில் கம்பி திரும்பிவிடும், தொப்பி வைத்த மழைச்சட்டை எடு. நோட்டு மாற்றி வைக்காதே, தண்ணீர்ப் போத்தலுக்குக்கூட அட்டை போதும். எல்லாம் சரியான யோசனைகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பையன்கள் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்த ஊரைப் பற்றி எனக்குப் பாடம் நடந்து முடிந்துவிட்டது என்று யார் அவர்களிடம் சொல்வது? எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, அந்த ஊருக்குப் போய் வந்தவர் என் அம்மா. அதுவும் ஆசைப்பட்டுப் போனவர் அல்ல.

எங்கள் தோட்டத்துத் துரை டென்மார்க்காரர். வெள்ளைக்காரர் என்றால் எல்லாரும் ஒன்று என்று நினைத்திருந்த எங்களுக்கு, அவர் இங்கிலீஷ்காரர் இல்லை என்பதே அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மா அவர் பங்களாவில் பிள்ளை பார்க்கும் ஆயா. அப்பா ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டினார். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசு அவசரகாலம் கொண்டுவந்ததும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். மாலை ஆறு மணிக்கு அது மூடிவிடும். காலையில் பால்மரக் காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக்கூடாது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடும் என்று பயம். வெறும் வயிற்றோடு வெட்டிவிட்டு வெயில் ஏறிய பிறகு திரும்பி வருவார்கள். டின் விஷயமும் அப்படித்தான். கடையில் எந்த டின் வாங்கினாலும் கடைக்காரரே ஆணி வைத்து ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டின்னைப் பதுக்கி வைக்க முடியாது, கெட்டுவிடும். முழு டின் ஒருவன் கையில் இருந்தால் அது காட்டுக்குப் போகிற டின் என்று அர்த்தம்.

அப்போது என் தம்பி கைக்குழந்தை. ஓட்டை போட்ட பால் டின்னில் எறும்பு ஏறும், மறுநாளே புளிக்க ஆரம்பிக்கும். தம்பிக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. ஒருநாள் அப்பா கேட்டுக்கு வெளியே இருந்த பாய் கடையில், "இந்த ஒரு டின்னுக்கு மட்டும் ஓட்ட போடாதீங்க பாய், புள்ளைக்கு ஒத்துக்கல" என்று கெஞ்சியிருக்கிறார். பாய் முதலில் முடியாது என்றுதான் சொன்னாராம். பிறகு மனம் இளகிக் கொடுத்துவிட்டார். கேட்டில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். டின் உருண்டு போய்க் காவல்காரரின் பூட்ஸில் முட்டி நின்றதை அத்தை பார்த்தாராம். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, அடுத்த வீடு. அப்பாவை லோரியில் ஏற்றினார்கள். கோர்ட்டு, வழக்கு என்று ஒன்றும் இல்லை. தடுப்பு முகாமுக்குக் கொண்டு போனார்கள், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தோட்டத்துப் பாதையில் ஒரு துரையின் காரைச் சுட்டுவிட்டார்கள். எங்கள் துரையின் மனைவி, துரைசாணி, பயந்து போய்ப் பிள்ளைகளோடு தன் ஊரான கோப்பன்ஹேகனுக்குக் கிளம்பினார். ஆயாவும் கூட வர வேண்டும் என்றார். அம்மாவுக்கும் அவருக்கும் பொதுமொழி அரைகுறை மலாய்தான். அந்த மலாயில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: நான் வருகிறேன், என் புருஷனை விடச் சொல்லித் துரையைப் பேசச் சொல்லுங்கள். துரைசாணி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அம்மா கைக்குழந்தையையும் என்னையும் அத்தையிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா போவதில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போனால் அப்பா வருவார் என்று சொல்லி என் வாயை அடைத்தார்கள்.

கிளம்புவதற்கு முன் லயமே திரண்டு வந்து யோசனை சொன்னது. எங்கள் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், கிள்ளானுக்கு அப்பால் எந்த ஊரையும் பார்த்தவரில்லை. அதெல்லாம் அவருக்கு ஒரு தடையா? "வெளிய நின்னு வாயத் தொறந்து பேசாத ஆயா. நாக்கு ஒறஞ்சி போவும்" என்று மிகவும் பொறுப்பாகச் சொன்னார். அம்மாவும், "சரிங்க ஐயா" என்று கேட்டுக்கொண்டார். வேலை வாங்கும் மண்டோரின் மனைவி மிளகாய்த்தூள் இடித்துக் கொடுத்தார். எல்லாரையும்விட அதிகம் சொன்னவர் அத்தை. "ஏ புள்ள, கம்பளிய மார்ல போட்டுக்க, தலையில போட்டுக்காத. வெள்ளக்காரன் வூட்டுக் கக்கூசு வழுக்கும், சுவத்தப் புடிச்சிக்க. துரைசாணி குடுக்கறத மோந்து பாத்துட்டுத் தின்னு." அத்தைக்குத் தெரியாத ஊரே உலகத்தில் இல்லை போல அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அம்மா போன பிறகு மாதங்கள்தான் போயின, அப்பா வரவில்லை. பிறகு ஒருநாள் அத்தையை ஆபீஸுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள், அவரைச் சொந்த நாட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். அப்பா பிறந்தது எங்கள் லயத்துக் கடைசி வீட்டில். இந்தியாவை அவர் பார்த்ததே கிடையாது. முகாமில் போய்ப் பார்க்க ஒருமுறை விட்டார்கள். நல்ல வெயில். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். அத்தை தம்பியின் கையை வலைக்குள் விட, அப்பா ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டார். "வயித்துக்கு இப்ப ஒத்துக்குதாக்கா?" என்று கேட்டார். பிறகு, "நாகப்பட்டணத்துல எறங்குனா எந்தப் பக்கம் போவணும்க்கா?" என்றார்.

அத்தையும் அதே லயத்தில் பிறந்தவர்தான். அவர்களுடைய அப்பா அம்மா எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை, சொல்ல வேண்டியவர்கள் எப்போதோ செத்துப் போயிருந்தார்கள். அம்மாவுக்குக் கக்கூஸ் சுவர்வரை சொல்லி அனுப்பிய அத்தை, தன் தம்பியான அப்பாவின் முன்னால் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தார். கடைசியில், "எறங்கி யார்கிட்டயாச்சும் கேட்டுக்கடா" என்றார். "சரிக்கா" என்றார் அப்பா.

அம்மா திரும்பி வந்தபோது கிள்ளான் துறைமுகத்தில் அத்தையும் நாங்களும் மட்டும் நின்றோம். அம்மா எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் பெட்டியைக் கீழே வைத்தார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை, அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. அப்பா நாகப்பட்டணத்தில் இறங்கி யாரையோ கேட்டு எங்கேயோ போய், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்கியிருக்கிறார். அடுத்த ஆண்டே காய்ச்சலில் போய்விட்டார். எங்களால் அங்கே போகவும் முடியவில்லை.

அதன் பிறகு லயத்துப் பெண்கள் மாலையில் வந்து உட்கார்ந்து, "அந்தூரு எப்படிக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் அம்மா சொன்னது பிரயாணக் குறிப்புகள்தான். மனசில் இருந்த எதையும் சொல்லவில்லை. "சைக்கிளுக்குன்னு தனி ரோடு இருக்கு. அதுல மட்டும் கால வச்சிடாத, அடிச்சித் தூக்கிருவான்." "ஒரே தடிச் சட்ட போட்டா ஏமாந்துருவ. மெல்லிசா மூணு போடு, வூட்டுக்குள்ள போனதும் ரெண்டக் கழட்டு." "கொழாத் தண்ணிய அப்படியே குடிக்கலாம், காய்ச்ச வேணாம்." "அவுங்க ரொட்டி கருப்பா, புளிப்பா இருக்கும். மீன வச்சித் தின்னா எறங்கும்." பிள்ளையைத் தள்ளுவண்டியில் வெளியே தூங்க விட்டுவிட்டுத் தாய்மார்கள் கடைக்குள் போய்விடுவார்களாம். அம்மா தன் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு வண்டிக்கும் காவல் நிற்பாராம். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனாலும் மாலை ஆறு அடித்தால் அம்மா துரை வீட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவாராம். வெயில் பளீரென்று அடிக்கையில் எதற்குக் கதவைச் சாத்துகிறாய் என்று பிள்ளைகள் அழுமாம். கேட்ட பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

கடை விஷயத்தை மட்டும் அவர் வெகுநாள் சொல்லவில்லை. வயதாகிப் படுக்கையில் இருந்தபோது ஒரு மதியம் தானாகவே ஆரம்பித்தார். துரைசாணி ஒருநாள் அவரைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பி, தக்காளிச் சாற்றில் போட்ட மீன் டின் ஒன்று வாங்கிவரச் சொன்னாராம். கடைக்காரர் டின்னை எடுத்து அப்படியே நீட்டினார். அம்மா விரலை ஆணியாக வைத்து ஓட்டை போடச் சொல்லிக் காட்டினார். அவருக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே டின்னைத் துடைத்துத் திரும்பக் கொடுத்தார். வேறு டின் கொடுத்துப் பார்த்தார். அம்மா வாங்கினார், ஆனால் வாசல்படியைத் தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டார். "காலு வரலடி. வெளிய கேட்டு இல்ல, வேலி இல்ல, எல்லாந் தெரியுது. ஆனாலும் காலு வரல." கடைக்காரர் பயந்து போய் ஆளனுப்பித் துரைசாணியை அழைத்து வந்தார். வாசலில் டின்னை அணைத்துக்கொண்டு நிற்கிற ஆயாவைத் துரைசாணி வெகுநேரம் பார்த்தாராம். பிறகு உள்ளே போய் ஆணியும் சுத்தியலும் கேட்டு வாங்கி, தானே தரையில் உட்கார்ந்து இரண்டு ஓட்டை போட்டார். வீடு வரைக்கும் இருவரும் சிவப்புச் சாறு சொட்டச் சொட்ட நடந்தார்கள். தெருவில் போனவர்கள் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நின்று பார்த்தார்களாம்.

அன்றைக்கே துரைசாணி துரைக்குத் தந்தி அடித்தார். அதற்குப் பிறகுதான் துரை போய்ப் பேசியிருக்கிறார். அதுவரை அவர் பேசவே இல்லை, துரைசாணி தலையாட்டியதோடு சரி. அவர் போய்க் கேட்டபோது அப்பாவை ஏற்றிய கப்பல் போய்விட்டிருந்தது. இந்த விவரம் துரைசாணிக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அம்மாவிடம் சொல்லாமல் இருந்தாரா, எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். "தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார்.

கோப்பன்ஹேகனில் நான் இறங்கியபோது விமான நிலையத்திலிருந்து ரயில் சத்தமில்லாமல் ஊருக்குள் கொண்டுபோய் விட்டது. முதல் முறை போகிறவர்கள் பயப்பட வேண்டாம், சின்ன ஊர், முக்கியமானதையெல்லாம் நடந்தே பார்க்கலாம். சைக்கிள் பாதை அம்மா சொன்னபடியேதான் இருக்கிறது. மகள் ஒருமுறை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அதில் கால் வைத்தாள், நான் முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உணவுக்கடை வாசலில் ஒரு தள்ளுவண்டியில் குழந்தை தனியாகத் தூங்கியது. தாய் வரும்வரை நான் அங்கேயே நின்றேன். "அவுங்க பழக்கம்மா, வாங்க லா" என்றாள் மகள். வெளியே வந்த தாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசி நாள் தெருமுனைக் கடை ஒன்றில் தக்காளிச் சாறு மீன் டின் ஒன்று வாங்கினேன். அம்மா போன கடையா என்று கேட்காதீர்கள், அதெல்லாம் எப்போதோ மாறியிருக்கும். டின்னைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கதவு தானாகத் திறந்தது. வெளியே வெயில், சைக்கிள்கள், ஒரு காவல்காரர்கூடக் கிடையாது. நான் நின்றுவிட்டேன். கதவு மூடப் பார்க்கும், நான் நிற்பதைக் கண்டு மறுபடி திறக்கும். "என்னம்மா, எதையாவது மறந்துட்டீங்களா?" என்று மகள் திரும்பி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். வீடு போகும்வரை பையை யாரும் கேட்கவில்லை. பாய் கடையிலிருந்து எங்கள் கேட்டுக்கு இதைவிடக் குறைந்த தூரம்தான் என்று நினைத்தபோது நடுத்தெருவில் அழுகை வந்துவிட்டது.

டின்னைக் கோலசிலாங்கூருக்குக் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில், ஆணிக்குப் பக்கத்தில் வைத்தேன். தேதி எப்போதோ கடந்துவிட்டது. மகள் வரும்போதெல்லாம், "இன்னும் தூக்கிப் போடலியா?" என்று கேட்கிறாள். துடைத்துத் துடைத்து அங்கேயே வைக்கிறேன். ஓட்டை போடாத டின் ஒன்று எங்கள் வீடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.