மூன்று பாஸுக்கு மேல்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. டிப்போவில் எல்லோருக்கும் அவர் 'பொறுமை'. பஸ்களுக்கு பிரேக் பார்க்கும் மெக்கானிக். டிப்போ கால்பந்து அணிக்குப் பத்தொன்பது வருஷமாக அவர்தான் பயிற்சியாளர். ஆட்டம் தொடங்கிவிட்டால் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "பொறுமை! பக்கத்துல குடு! பொறுமை!" என்று தொண்டை கட்டும்வரை கத்துவார். கத்துகிறவரிடம் இல்லாத ஒன்றே அதுதான் என்று கோல்கீப்பராக நிற்கும் டிக்கெட் பரிசோதகர் சொல்லிச் சிரிப்பார்.

பந்தைத் தரையோடு தரையாக, காலுக்குக் கால் கொடுத்துக்கொண்டே போக வேண்டும் என்பது அவர் கட்சி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிப்போவின் அணியை நடத்தியது அவருடைய சொந்தத் தம்பி, அவன் டிரைவர். அவன் கட்சி நேர் எதிர். பின்னாலிருந்து ஒரே உதை, முன்னால் ஒரு நெட்டையன், அவ்வளவுதான்.

"பந்து எவ்வளவு நேரம் உன் கால்ல இருந்துச்சுன்னு எவன்ணே கேக்கறான்? எங்க போய் விழுந்துச்சுன்னுதான் கேப்பான்" என்பான் தம்பி.

வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு டிப்போக்களும் மோதும். பத்தொன்பதில் அண்ணன் ஜெயித்தது நாலு. அதில் ஒன்று, தம்பியின் ஆட்கள் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்த வருஷம்.

ஒவ்வொரு கோலுக்கும் முன்னால் எத்தனை பாஸ் என்று பொறுமை ஒரு நோட்டில் குறித்து வைப்பார். தம்பியின் வாயை அடைக்க ஒருநாள் உதவும் என்ற நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு கோலில் தொண்ணூற்றொன்று மூன்று பாஸுக்குள் விழுந்தவை. தம்பி சொன்னதையே தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்! தன் விரலே தன் கண்ணைக் குத்தியது என்பார்களே, அதுதான்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"என்னங்க, கோல் விழுந்ததை மட்டும்தான எழுதியிருக்கீங்க? விழாம போனது எத்தனை?"

"அதை எதுக்கு எழுதணும்?"

"உங்க ஆளுங்க பந்து மூணு பாஸைத் தாண்டுறதே அபூர்வம். எது அதிகமா நடக்குதோ அதுலதான கோலும் அதிகமா விழும்? நூறு தடவை முயற்சி பண்ணா எத்தனை கோல்னு பாருங்க."

அவருக்கு உயிர் வந்தது. அடுத்த சீசன் முழுக்க, பந்து தன் ஆட்களிடம் வந்த ஒவ்வொரு தடவையையும் ஒரு முயற்சியாகக் கோடு போட்டு எண்ணினார். எட்டு ஆட்டம், எண்ணூறு முயற்சி. மூன்று பாஸுக்குள் முடிந்தவை எழுநூற்று அறுபது. அதில் எட்டு கோல். மூன்றைத் தாண்டியவை வெறும் நாற்பது. அதில் இரண்டு கோல். தொண்ணூற்றைந்துக்கு ஒன்று எங்கே, இருபதுக்கு ஒன்று எங்கே!

"பாத்தியா! நான் சொன்னதுதான் சரி."

"ரெண்டே கோலை வச்சுத் தீர்ப்பு எழுத முடியாதுங்க" என்றாள் அவள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருந்தாலும் சரியா இருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

சரியாகவே இருக்கட்டும். நாற்பதை நானூறாக்குவது எப்படி? நாலாவது பாஸ் போகும்போது யாராவது கல்லில் தடுக்குவான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும். டிப்போவுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பாதி ஜல்லி, பாதி சேறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடும் என்று அவர் மைதானத்தைக் குறை சொல்லவில்லை. சிக்கல் வேறு. யார் எங்கே ஓடுவான் என்று ஒருவருக்கொருவர் தெரிந்தால்தான் சின்னப் பாஸ் கைகூடும். அதற்குப் பதினோரு பேரும் சேர்ந்து பழக வேண்டும். ஒருவன் காலை ஷிஃப்ட், ஒருவன் மதியம், ஒருவன் வெளியூர் வண்டி. வாரத்தில் இரண்டு நாளாக இருந்த பயிற்சி ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றுபோனது.

ஷிஃப்ட் போடும் அதிகாரியிடம் நோட்டோடு போய் நின்றார். வாரத்தில் ஒரு மணி நேரம், எல்லோருக்கும் பொதுவாக, அவ்வளவுதான் கேட்டார். அதிகாரி நோட்டைத் திறக்கவே இல்லை.

"உங்களுக்கு பஸ் ஓடணுமா, பந்து ஓடணுமா?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அந்த வாசலில்தான் அவருக்கு உறைத்தது.

அந்த வருஷம் தம்பி அணியோடு மோதும் நாளன்று, முன்வரிசையில் ஆடும் கண்டக்டர் வந்து சொன்னான்: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நாங்க சேர்ந்து ஆடி ரெண்டு மாசமாச்சு. சின்னப் பாஸெல்லாம் வராது. தூக்கி அடிச்சிடறோமே?"

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். "சரி, அடிங்க" என்றார் அவர். ஆட்டம் முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள்.

முடிந்ததும் தம்பி நேராக அவரிடம் வந்தான். அவன் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"ஏண்ணே இப்படிப் பண்ணுன? உயரப் பந்தை என் ஆளுங்க தூக்கத்துல கூட தட்டி விட்டுடுவானுங்க. உன் சின்னப் பாஸுக்குத்தான் நான் ரெண்டு வாரமா பயந்துகிட்டு இருந்தேன்."

"அப்படி ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பனா?"

தம்பி உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "இல்லண்ணே. அப்பவும் தோத்திருப்ப. ரெண்டு கோலோட போயிருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "எது சரின்னு தெரிஞ்சுக்கக் கூட எனக்கு வழியில்லாம போச்சு. என் ஆட்டத்தை நான் ஒரு நாளும் முழுசா ஆடிப் பாக்கவே இல்லையே." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டு மாதத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அணி கலைக்கப்பட்டது, மைதானத்தில் ஓடாத வண்டிகளை நிறுத்தப்போகிறார்கள். கண்டக்டர் வந்து, "வருத்தமா இருக்குண்ணே" என்றான். அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான். தம்பிக்கு ஆற்றுக்கு அப்பால் வேறு எதிரணி கிடைத்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கும் துணி தீர்ந்துவிட்டது. ஸ்டோர்காரர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். அவிழ்த்தால் அணியின் பழைய ஜெர்சிகள். பொறுமை எட்டாம் நம்பரை எடுத்துக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துப் பார்த்தார். அந்த வழவழத் துணி கிரீஸை உறிஞ்சவில்லை. கை முழுக்கத் தடவிவிட்டது.

"இது இழுக்காதுங்க. வேற துணி குடுங்க."

"இருக்கறது இதுதான்" என்றார் ஸ்டோர்காரர்.

வெளியே இரண்டு வண்டிகள் பிரேக் பார்க்கக் காத்திருந்தன. அவர் அதிலேயே துடைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.