பலகைக்குப் பின்னால்

கணவரின் வேலையை ஒட்டிக் கிடைத்த எச்-4 விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. அதனால் கலிஃபோர்னியா கடற்கரையில் இருந்த சீல் என்னும் கடல்நாய்களுக்கான மருத்துவமனைக்குச் சும்மாவே மீன் நறுக்கப் போனேன். திரும்பும்போது மீன் வாடை தாங்காமல் கணவர் கார் கண்ணாடியை இறக்கிவிடுவார்.

தாயைத் தொலைத்துக் கரை ஒதுங்கிய குட்டிகள்; அழிந்துகொண்டிருக்கும் இனம். கையில் ஒரு பலகையைப் பிடித்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டுதான் மீனை வீச வேண்டும், பேசவே கூடாது. மனிதர்களிடம் பழகிவிட்டால் கடலுக்குப் போனாலும் படகுகளைத் தேடி வந்து அடிபடுமாம்.

சரி. ஆனால் வாயை மூடிக்கொண்டு யாராவது குழந்தைக்கு ஊட்டுவார்களா? ஒரு நோஞ்சான் குட்டிக்கு மட்டும் "ஆ காட்டு" என்று சொல்லித்தான் கொடுத்தேன். உடம்பும் தேறியது. ஒருநாள் மேற்பார்வை பார்க்கும் பெண்மணி பக்கத்தில் யாரிடமோ பேச, குரல் கேட்டதும் அது வாயைத் திறந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை!

அதன்பிறகு நானும் ஊமைதான்.

கடலில் விட்ட அன்று மற்ற குட்டிகள் தண்ணீருக்கு ஓடின. அது மட்டும் பாதியில் நின்று, என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது. பலகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அதுவும் போய்விட்டது என்று எல்லோரும் கைதட்டும்வரை இறக்கவில்லை.