லீவு போட்ட வரி

பென்னாகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவன், சொந்த அப்பாவுக்கு எழுதாமல் இருக்க முடியுமா? அவருடைய அப்பா பட்டாளத்துக்குப் போய் பர்மாப் பக்கம் இறந்தவர். அப்பா அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. எங்கே புதைத்தார்கள் என்று தெரிந்தால் போதும் என்றார். ராணுவ ஆவண அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். ஆறு மாதம் கழித்து தாத்தாவின் சர்வீஸ் தாளின் நகல் வந்தது. இங்கிலீஷில் ஒரே ஒரு பக்கம்.

கடையிலேயே பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. பட்டாளத்தில் சேர்ந்த தேதி, கப்பல் ஏறிய தேதி, இறந்த தேதி எல்லாம் இருந்தன. லீவு என்று ஒன்றுமே இல்லை. தாத்தா ஊரை விட்டுப் போனதற்கும் அப்பாவின் பள்ளி சர்டிபிகேட்டில் உள்ள பிறந்த தேதிக்கும் நடுவே பத்தொன்பது மாதம். விரல் விட்டு நான்கு தடவை எண்ணினேன். வாடிக்கையாளரின் ஆதார் கார்டை மெஷினில் தலைகீழாக வைத்துவிட்டேன்.

பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்தக் காலத்தில் இங்கே பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயசு. ஹெட்மாஸ்டர் ஒரு ஜூன் தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். அப்பாவுக்கும் அப்படித்தான் போட்டார்கள். கை குட்டையான பிள்ளை ஒரு வயது கூடிய பிறகே தொட்டிருக்கலாம்; அப்படியென்றால் தாத்தா போனபோதே அப்பா வயிற்றில் இருந்திருப்பார். ஆனால் சீக்கிரமே தொட்டிருந்தால்?

வீட்டுக்குப் போனேன். அப்பா கல்லறையைப் பற்றிக் கேட்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"லீவுல வூட்டுக்கு வந்தாருன்னு அதுல போட்டிருக்குதா?"

எண்பது வயது மனிதரின் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதில்லை. என்னைப் பிடித்த பயம் அவரை வாழ்நாளெல்லாம் பிடித்திருந்திருக்கிறது. காதைத் தொட்ட கதையைச் சொல்லியிருக்கலாம். சர்டிபிகேட் தேதி சும்மா போட்டதுதானே என்று சிரித்திருக்கலாம். பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"போட்டிருக்குதுங்கப்பா."

"எங்க, காட்டு."

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எண்கள் தெரியும். அவர் பிறப்பதற்குப் பத்து மாதம் முந்தைய கணக்குக்கு ஒத்துவரும் தேதி தாளில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் விரலை வைத்தேன். பர்மா முகாமில் தாத்தாவுக்குக் காலரா ஊசி போட்ட வரி அது.

அப்பா அந்த வரியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஊர்ல என்னென்ன பேசுனானுங்க தெரியுமா?" என்று சொல்லி அழுதார். நான் அவரைத் தொடக்கூடத் துணியவில்லை.

மறுநாள் என் கடையிலேயே அதை லேமினேட் பண்ணச் சொல்லி, கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டார். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டுகிறார். இங்கிலீஷ் தெரிந்த யாராவது செருப்பைக் கழற்றினால் நான் போய் அந்தத் தாளை மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

சென்னையில் நர்சிங் படிக்கும் என் மகள் பொங்கலுக்கு வருகிறாள். முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்று தினமும் போனை எடுக்கிறேன். என்னவென்று சொல்வது? பேத்தி வந்ததும் முழுத் தாளையும் எல்லோருக்கும் வரிவரியாகப் படித்துச் சொல்லப் போகிறாள் என்று அப்பா இண்டூர் சொந்தக்காரர்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்.