கிட்டங்கியில் குடித்த சாயா

நானும் அக்காவும் பால் இல்லாமல் சாயா குடித்ததற்கு ருசி காரணமில்லை. பால் குறைந்தால் மாமியாருக்கு, எங்கள் அத்தைக்கு, தெரிந்துவிடும். தேயிலையும் ஒரு துண்டு இஞ்சியும் குறைந்தால் தெரியாது. எவர்சில்வர் தம்ளரைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு, ஆவி முகத்தில் அடிக்க, மரப்படியில் ஓசைப்படாமல் அக்கா ஏறிவரும் தோற்றம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தம்ளர் எப்போதும் ஒன்றுதான். இரண்டைக் கழுவினால் கீழே கேட்கும் என்பாள். அவள் பாதி குடித்துவிட்டுத் தருவாள், மீதி எனக்கு.

அக்கா என்று நான் அழைத்தது என் கணவரின் அண்ணன் மனைவியை. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பாறசாலையிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவள் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை போட்டு நிலைத்த குடும்பம். கீழே கடை, மேலே வீடு. வீட்டின் பின்கட்டிலிருந்து மரப்படி ஏறினால், ஓட்டுக்கூரைக்கு அடியில் சரக்கு வைக்கும் கிட்டங்கி.

அந்த வீட்டில் எங்களை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. வெள்ளிக்கிழமை அத்தையோடு கோயிலுக்குப் போகலாம். மற்ற நாட்களில் படியிறங்கினால், "எங்க போற?" என்று ஒரு குரல் வரும். அதட்டலே கிடையாது, சாதாரணக் கேள்விதான். ஆனால் அதைக் கேட்டதும் நாங்கள் திரும்பிப் படியேறிவிடுவோம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்களின் ஹாரன் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஸ்டாண்டைக் கல்யாணமாகி வந்த அன்று பார்த்ததோடு சரி.

பாத்திரங்களைப் பொதிந்து கொடுப்பதற்காகப் பழைய தாள் சாக்குச் சாக்காகக் கிட்டங்கிக்கு வரும். அதைப் பிரித்து, கம்பி எடுத்து, அளவுவாரியாக அடுக்குவது எங்கள் வேலை. அந்தச் சாக்குகளுக்குள்தான் தமிழ் வாரப் பத்திரிகைகள் கிடந்தன. மத்தியானம் ஆண்கள் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய், அத்தையும் கண்ணயர்ந்த பிறகு நாங்கள் மேலே போவோம். வைக்கோல் கட்டின்மேல் சாக்கை விரித்து, அண்டாக்களின் பின்னே சாய்ந்து உட்காருவோம். ஒருத்தி தாழ்ந்த குரலில் வாசிப்பாள், மற்றவள் சாயாவை உறிஞ்சுவாள். தொடர்கதைகளில் நடுவே சில வாரங்கள் இருக்காது. அந்த இடைவெளியை அக்கா தானே சொல்லி நிரப்புவாள். சில சமயம் அச்சில் வந்ததைவிட அவள் சொன்னது நன்றாக இருக்கும். ஆனால் எவ்வளவு சுவையான இடத்திலும் எங்கள் ஒரு காது மரப்படியில்தான் இருக்கும்.

ஒரு மழைக்காலப் பகல். வாசித்துக்கொண்டிருக்கையில் படியில் கனத்த காலடி கேட்டது. பெரியத்தான், அதாவது அக்காவின் கணவர். தாளை அடுக்குகிறோம் என்று சொல்லி எழுந்து நின்றிருக்கலாம். ஆனால் கையில் சாயா இருந்தது. இருவரும் அண்டாக்களின் மறைவில் மூச்சை அடக்கிக்கொண்டோம். அவர் ஏதோ உருளியைத் தேடி எடுத்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பூட்டு விழும் சத்தம் கேட்டது.

அக்கா கொஞ்சநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது.

"ஏளா, இனி யாரும் உள்ள வர மாட்டாவல்லா? சாயா ஆறுது. நீ வாசி."

அன்று வாசித்ததுபோல் நாங்கள் என்றுமே வாசித்ததில்லை. ஓட்டின்மேல் மழை இரைந்தது. குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கவில்லை. படியில் காதை வைக்க வேண்டியிருக்கவில்லை. இஞ்சியின் காரம் தொண்டையில் இறங்க, கால்களை நீட்டி, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு பக்கம் பக்கமாகப் போனோம். வெளியிலிருந்து பூட்டப்பட்ட அறையில்தான் எங்களுக்கு அந்த விச்ராந்தி கிடைத்தது என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அப்போது சந்தோஷம் மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் அக்காவின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். நனைந்து வந்திருக்க வேண்டும். "அம்மா, அம்மா" என்று கீழே ஒவ்வோர் அறையாகத் தேடும் குரல் கேட்டது. பிறகு அது அழுகையாயிற்று.

அக்கா எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம்க்கா. குட்டியை அத்தை பாத்துக்கிடுவா. பெரியத்தான் மறுபடி சாதனம் எடுக்க வருவாரு, அப்பம் மெல்ல நழுவிரலாம்."

"பிள்ளை அழுவுது" என்றாள். அவ்வளவுதான். ஒரு பித்தளைக் கரண்டியை எடுத்து, இருப்பதிலேயே பெரிய அண்டாவை ஓங்கி அடித்தாள். கோயில் மணிபோல அது தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

கதவு திறந்தபோது பெரியத்தானுக்குப் பின்னால் கடை ஆட்களும் நின்றார்கள். தாளை ஒளிக்கக்கூட அக்கா முயலவில்லை.

"உள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்திய?"

"கதை வாசிச்சிக்கிட்டிருந்தோம்."

அவர் பார்வை வைக்கோல் கட்டுக்குப் போயிற்று. விரித்த சாக்கு, அதன் நடுவே தம்ளர்.

"சாயாவுமா?" என்றார்.

எத்தனையோ வருஷமாகியும் அந்த ஒற்றைச் சொல்லின் தொனி எனக்கு மறக்கவில்லை. படித்ததைக்கூட அவர் பொறுத்திருப்பார். வசதியாக உட்கார்ந்து, ருசித்துக்கொண்டு படித்ததுதான் அவரைச் சுட்டது. அக்கா அவரைத் தாண்டிப் படியிறங்கிப் போய் மகளின் தலையைத் துவட்டினாள்.

மறுநாளிலிருந்து தாள் அடுக்கும் வேலை கடை ஆட்களுக்குப் போயிற்று. கிட்டங்கிச் சாவி பெரியத்தானின் இடுப்புக்குப் போயிற்று. எங்கள் மத்தியானங்களுக்கு அரிசியும் முறமும் வந்தன. நான் என் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அண்ணன் சொன்னா மதி, அதுக்கு மேல எதுக்கு வழக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவர்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து வந்தாற்போலிருந்தது. அக்கா பேசுவதும் குறைந்தது.

பிறகு ஒரு நாள், மகளின் பையிலிருந்து மலையாளப் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு மலையாளம் பேசத் தெரியும், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. "இது என்ன எழுத்து மக்களே?" என்று மகளிடம் கேட்டாள். குழந்தைக்குத் தலைகால் புரியாத குதூகலம். அம்மாவின் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் ஓட்டினாள். தடுமாறிய இடங்களில், பாறசாலைப் பள்ளியில் மலையாளமும் படித்திருந்த நானும் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடப் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த வீட்டைவிட்டு நானும் கணவரும் பின்னால் தனியே வந்துவிட்டோம். அக்கா கடைசிவரை அங்கேதான் இருந்தாள். இன்று என் அலமாரி நிறையப் புத்தகம்; எந்த நேரமும் சாயா போட்டுக்கொள்ளலாம்; ஏன் என்று கேட்க ஆளில்லை. இருந்தும் வாசலில் காலடி கேட்டால் என் கை தானாகவே புத்தகத்தை மூடிவிடுகிறது. அக்கா அப்படியில்லை. அதை நான் நேரில் பார்த்தேன்.

அவள் கூட்டெழுத்து வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த சமயம். பெரியத்தான் கடையிலிருந்து மேலே வந்தார். அவர் தலை தெரிந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போவது எங்கள் இருவருக்கும் வழக்கம். நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை.

"சாயா" என்றார் அவர்.

"இந்தப் பக்கம் கழியட்டும்" என்றாள், தலை தூக்காமல்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "படிக்கால்லா? செத்த இரு" என்றாள்.

அக்கா ஒரு சொல்லைத் தப்பாக வாசித்தாள், மகள் திருத்தினாள், அக்கா வரியின் முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள். பெரியத்தான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்.