அப்பாவின் செருமல்

நேற்று சந்தையில் கீரைக்கார அம்மா ஒரு கட்டு வல்லாரையை என் பைக்குள் திணித்து, "கொண்டு போங்க சார், நெனவு நிக்கும். இந்த வயசுக்கு நல்லது" என்றார். நான் கேட்டது அரைக்கீரை. என் நரையைப் பார்த்து மாற்றிவிட்டார் போல. சுருக்கென்று கோபம் வந்தது. பைக்குள்ளிருந்து அந்தப் பச்சைக் கசப்பு வாசம் எழுந்ததும் கோபம் போய் அம்மா வந்துவிட்டாள்.

அம்மா டீச்சர். தொண்ணூறுகளின் நடுவில் ஓய்வு பெற்றாள். அந்தச் சமயத்தில்தான் சாணார்பட்டியில் பெரியம்மாவுக்கு நினைவு தப்பி, சொந்த மகனையே வாசலில் நிறுத்தி "யாருப்பா வேணும்?" என்று கேட்டாள். அம்மா அதை நேரில் பார்த்துவிட்டு வந்தாள். "எனக்கு மட்டும் இப்பிடி ஆகக் கூடாது சேசுவே" என்று அழுதாள். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

வாரப் பத்திரிகை எதைச் சொன்னாலும் செய்தாள். காலையில் கோட்டை மலையைச் சுற்றி நடை. இடது கையால் தலை சீவுவது. அந்தக் கோணல் வகிடோடு பூசைக்கு வேறு வருவாள். தினமும் வல்லாரைத் துவையல். நானும் தம்பியும் அதைத் தண்ணீர் குடித்து விழுங்குவோம். அப்பா தொடவே மாட்டார். அவருக்குச் சிறுமலைப் பழம் விற்கும் வாழை மண்டி. வாய் நிறைய வெற்றிலை, மத்தியானம் தார்களுக்கு நடுவே தூக்கம், போகிற இடமெல்லாம் குடையை விட்டுவிட்டு வருவது. "டீச்சரம்மா, எல்லாத்தையும் ஞாபகம் வச்சு என்ன செய்யப் போற?" என்று சிரிப்பார்.

நடையும் துவையலும் போதாதென்று அம்மா செபமாலையிலும் கை வைத்தாள். எங்கள் வீட்டில் அந்தி விளக்கேற்றியதும் குடும்பச் செபம். அம்மா முன்பாதி சொல்ல, நாங்கள் பின்பாதி சொல்வோம். 'அருள் நிறைந்த மரியே' பத்து முறை ஆனதும் 'பிதாவுக்கும் சுதனுக்கும்' சொல்லி அடுத்த பத்துக்குப் போக வேண்டும். எண்ணுவதற்குத்தான் மணிமாலை. அம்மா அதை மாதா சுரூபத்தின் கழுத்தில் மாட்டிவிட்டாள். "மணிய உருட்டுனா கைதான எண்ணுது? மூளை எண்ணட்டும்" என்றாள். பல வருடம் ஒருநாளும் பிசகியதில்லை. எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

பிறகு ஒரு நாள் பத்து முடிந்தும் அம்மா நிற்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தாள். டீச்சரை யார் திருத்துவது? நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தபடி பதில் சொல்லிக்கொண்டே இருந்தோம். அம்மா குரலில் மெல்ல ஒரு நடுக்கம் வந்தது. எங்கேயோ தவறுகிறது என்று அவளுக்குத் தெரிகிறது, எப்படி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

அப்போதுதான் அப்பா செருமினார். வெற்றிலைக் குரலில் பலமான ஒரு செருமல். அம்மா சட்டென்று நின்று 'பிதாவுக்கும் சுதனுக்கும்' என்றாள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு பத்துக்கும் அப்பா செருமினார். செபத்தில் தூங்கி வழிகிற மனிதர், முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கி எண்ணுவதைப் பார்த்தேன். அதைப் பற்றி அம்மாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். அம்மா நடையை விடவில்லை, துவையலையும் விடவில்லை. ஒன்றும் மறதியைத் தடுக்கவில்லை. எதைச் செய்தால் நிற்கும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அம்மாவுக்கு முன்னால் அப்பா போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த சில நாளில் மறுபடி செபத்துக்கு உட்கார்ந்தோம். பத்து தாண்டியது. நான் 'பிதாவுக்கும்' என்று எடுத்துக் கொடுத்தேன், காதிலேயே வாங்கவில்லை. வேறு வழி தெரியாமல் அப்பாவைப் போலவே செருமினேன்.

அம்மா நின்றாள். வாசல் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"அவுக வந்துட்டாகளா?"

அதற்குப் பிறகு நான் செருமவே இல்லை. குரல் ஓயும்வரை அவளைச் சொல்ல விட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அம்மாவும் இல்லை. மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை. தம்பி கோயம்புத்தூரில். நேற்று அந்தியில் துவையலை அரைத்து வைத்துவிட்டு மாலையைக் கையில் எடுத்தேன். இந்த வயதில் மணியில்லாமல் எண்ண எனக்குப் பயம். பத்தாவது மணியில் விரல் நின்றது. நான் நிற்காமல் இன்னொன்று சொன்னேன். பிறகு இன்னொன்று.

வீட்டில் யாரும் செருமவில்லை.