லாரிக்காரர் தியெப்பின் மூக்கு

லாரியை ஓரங்கட்டியதும் தியெப் மேசைக்குப் போகமாட்டார். அடுப்புக்குத்தான் போவார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கொதிக்கும் அண்டாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கண்ணை மூடி ஆவியை ஓர் இழுப்பு இழுப்பார். பிறகுதான் பேச்சு.

"தங்கச்சி, இன்னிக்கு இஞ்சியைச் சுடாமலே போட்டுட்டியே?"

கடைக்காரி கரண்டியை அண்டா விளிம்பில் தட்டுவாள். "வந்துட்டாருய்யா பெரிய அதிகாரி! சாப்பிடறதுன்னா உக்காருங்க. இல்லேன்னா லாரியை எடுங்க, கடையே தெரியல."

அப்படிச் சொன்னவள்தான் அவர் கிண்ணத்தில் மஜ்ஜை எலும்பு ஒன்றைச் சொல்லாமல் போட்டு அனுப்புவாள். நெடுஞ்சாலை முழுக்க இதே கதைதான்.

தியெப்புக்கு ஊர் வடக்கே இருக்கும் நாம்தின். ஐம்பதைக் கடந்தவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். தொப்பை கிடையாது, கழுத்து மட்டும் காளைக்கு இருப்பதுபோல் இருக்கும். வடக்கிலிருந்து துணிப்பொதி ஏற்றிக்கொண்டு போவார், தெற்கிலிருந்து பழமும் காய்கறியும் கொண்டுவருவார். அந்தந்த மண்ணின் நூடுல்ஸை அந்தந்த மண்ணில்தான் தின்னவேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை. மாட்டெலும்புச் சாற்றில் அன்னாசிப்பூ மணக்கும் ஃபோவை நாம்தின் எல்லையோடு நிறுத்திக்கொள்வார். ஹுவேயில் எலுமிச்சைப்புல்லும் இறால் விழுதும் காரமும் சேர்ந்த புன் போ. குவாங் நாமில் மஞ்சள் நூடுல்ஸ். நியாசாங்கில் மீன். மீத்தோவில் பன்றியெலும்பும் உலர்ந்த கணவாயும் போட்டு இனிக்க இனிக்கக் காய்ச்சிய ஹூ தியூ. சைகோனில் யாராவது ஃபோவின் தலையில் முளைப்பயறைக் குவிப்பதைப் பார்த்துவிட்டால், உள்ளாடையோடு வாசலுக்கு வந்துவிட்டவரைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மற்ற ஓட்டுநர்கள் அவருக்குப் போன் செய்துவிட்டுத்தான் சாப்பிடவே இறங்குவார்கள். அதிகம் கூப்பிடுவது கியென். புதிதாகக் கல்யாணமானவன், சொந்த லாரி வைத்திருப்பவன்.

"அண்ணே, குவாங் நாமுக்குள்ள வந்துட்டேன். எங்க நிறுத்த?"

"பாலம் தாண்டி இடது பக்கம் நீலத் தகரம் தெரியுதா? அதைத் தாண்டிப் போ. அடுத்த கடை. கோழிக்கறி கேக்காத, அந்தம்மாவுக்கு இறாலும் பன்றியும்தான் கைகூடி வரும்."

அவர் மனைவி லுவா நாம்தின் ஆலையொன்றில் துணி தைப்பவள். அவளுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. சோறு, கொதிக்கவைத்த கீரை, ஒரு துண்டு மீன். அது போதும் அவளுக்கு. "வெந்நீர்ல நூலைப் போட்டுக் குடிக்கிறதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்பாள். தையல்காரியின் கண்ணுக்கு நூடுல்ஸ் நூலாகத்தான் தெரியும்போல.

பிறகு கொரோனா வந்தது. காய்ச்சலும் இருமலும் தியெப்பை விட்டுப் போயின. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டன. அது அவருக்குத் தெரியவந்த விதம் இப்படி: லுவா பூண்டை எண்ணெயில் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் சட்டி முழுக்கக் கரி. பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, தூங்கறீங்களா?"

"இல்லையே. ஏன்?"

அவளிடம் சளி என்றார். வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. லாரியை எடுத்தார். பழையபடி அடுப்பருகே போய்க் கையைக் கட்டி, கண்ணை மூடி நின்றார். உள்ளே போனது வெறும் சூடு. ஆனாலும் "நல்லா வந்திருக்கு தங்கச்சி" என்றார். மஜ்ஜை எலும்பும் வழக்கம்போல வந்தது. வாயில் உப்பு தெரிந்தது, காரம் சுட்டது, இனிப்பு இனித்தது. எந்த ஊர்க் கிண்ணம் என்று மட்டும் தெரியவில்லை. ஹுவேயும் மீத்தோவும் ஒன்றுபோலவே இருந்தன. கண்ணைக் கட்டி ஒரே ஊரைச் சுற்றிச்சுற்றி வருவதுபோலத்தான் அந்த நாட்களில் நாட்டின் நீளம் முழுவதும் ஓட்டினார்.

பொய் அதிக காலம் தாங்கவில்லை. தெற்கே ஒரு மலைப்பாதையில் பாரத்தோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. வழி கேட்கிறான் என்று நினைத்து ஒதுங்கினார். பேருந்தின் உதவியாளன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு நீட்டி இரண்டு கைகளையும் ஆட்டினான். தியெப் கியரைக் குறைத்துக் குறைத்து, ஒரு வழியாகச் சரளை மேட்டில் ஏற்றி நிறுத்தினார். பின்சக்கரங்களிலிருந்து புகை சுருள்சுருளாக வந்துகொண்டிருந்தது.

"யோவ் பெரியவரே, உமக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? மலை உச்சியிலேருந்து பிரேக் கருகுது! எங்க பஸ்ஸுல கொழந்தைங்கல்லாம் மூக்கைப் பொத்திட்டு உக்காந்திருக்கு!"

தியெப் சரளையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பேருந்தில் இருந்த குழந்தைகளையே வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் லுவாவிடம் சொன்னார். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். லாரியை விற்றுவிடுவதென்று தியெப் தீர்மானித்தார். லுவா சாப்பிட்டுக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வித்துட்டு?"

"வீட்டுல உக்காருவேன்."

"உங்களை வீட்டுல உக்காத்தி வச்சு யாரால பாத்துக்க முடியும்? நான் வரேன் கூட."

"நீ வந்து என்ன பண்ணுவ?"

"மோந்து பாப்பேன். உங்களுக்கு இல்லாதது எனக்கு இருக்கில்ல?"

மறுவாரம் ஆலையில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சோறு பொங்கும் சின்னப் பானை, வெந்நீர்க் குடுவை, பூப்போட்ட தலையணை. மூன்றையும் ஏற்றிக்கொண்டு முன்னிருக்கையில் அவள் உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால் லாரி அவளுடையது என்றுதான் எவரும் சொல்வார்கள். மலை இறக்கம் வந்தால் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டுவாள். "நாத்தம் இல்ல, போங்க" என்பாள். சிலசமயம், "நிறுத்துங்க. சொல்றேன்ல, நிறுத்துங்க!" என்பாள். அவர் நிறுத்துவார்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் தகராறு. ஹுவேயில் முதல் தடவை அவருக்காக ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை பொடித்தது.

"எலுமிச்சைப்புல் முன்னால வருதா, பின்னால வருதா?" தியெப் மேசையில் சாய்ந்து கேட்டார்.

"வயித்துக்குள்ள வருது."

"வெளையாடாத. இறால் விழுது அடியில நிக்குதா, மேல மிதக்குதா?"

"ஏங்க, நான் என்ன கெணத்துலயா எறங்கிப் பாத்தேன்? காரமா இருக்கு. கோவமா இருக்கிற பொம்பளை இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. போதுமா?"

போதவில்லை. அவருக்கு அது இன்னும் எரிச்சலைத்தான் தந்தது.

குவாங் நாமில் அது வெடித்தது. முந்தைய நடையில் கியென் கேட்டபோது, பாலத்துக்கு அப்பாலிருந்த அதே கடையை தியெப் சொல்லியிருந்தார். அதற்குச் சில வாரம் முன்புதான், அடுப்பில் வேறு ஆள் நின்றாலும் அன்றைக்கு மட்டும்தான் என்று நினைத்து, அங்கே சாப்பிட்டு "பிரமாதம்" என்று கடையிலேயே பாராட்டிவிட்டும் வந்திருந்தார். கியென் இப்போது போனில் சொன்னான்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அந்தம்மா மகன் வீட்டுக்குப் போயி மாசக்கணக்காச்சாம். வேற ஆளு நடத்தறாங்க. நேத்து எண்ணெயையே சூடு பண்ணி ஊத்தறாங்க. நீங்களா சொன்னீங்கன்னு எனக்கே நம்ப முடியல."

அன்று தியெப் இறங்கவில்லை. சாலையோரம் லாரியை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி, காய்ந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்.

"சாப்பிட வாங்க."

"வயிறு ரொம்பினா சரி. எதுவா இருந்தா என்ன?"

லுவா கதவைத் திறந்து இறங்கினாள். எதிர்ப்பக்கம் வேறொரு கடை இருந்தது. கொஞ்ச நேரத்தில் கையில் கிண்ணத்தோடு அந்தச் சாலையைக் கடந்து வந்தாள். பேருந்துகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின, ஒரு மோட்டார்சைக்கிள்காரன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான், அவள் கிண்ணத்தை மட்டும் பார்த்து நடந்தாள். அந்த ஊர் நூடுல்ஸில் சாறு அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். அதனால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"கேளுங்க. மஞ்சத் துணியை நனைச்சுப் பிழிஞ்சு வச்ச மாதிரி ஈரம். மேல கடலை வறுத்துப் போட்டிருக்கு. ஆலையில பாய்லர் பக்கத்துல துணி காயப்போடுவோமே, வெயில்காலத்துல? அந்தச் சூட்டு வாசம். அரிசி அப்பளத்தை ஒடைச்சுப் போட்டாங்க, அதுக்குக் கஞ்சி போட்ட காலர் வாசம். கீரைக்கு மட்டும் மழை வாசம்."

அவர் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினார். "வெங்காயம் என்ன எண்ணெயில வதக்கியிருக்கு?"

"தெரியாது. பசி எடுக்கிற எண்ணெய்."

தியெப்புக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ரொட்டித்துகள் மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் நீர் வந்து, கதவைத் திறந்து இறங்கினார். லாரியின் நிழலில் இருவரும் நின்றபடியே ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டார்கள். அவள் வாயில் போட்டுச் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் தன் வாயில் தேடினார். கடலையிடம் வந்தபோது, ஆலையின் பாய்லர் சுவர் மனக்கண்ணில் வந்து நின்றது. வாசம் வரவில்லை. ஆனால் வெறும் சூடாகவும் இல்லை.

அன்றைக்கே கியெனைக் கூப்பிட்டார். "டேய், எனக்கு மூக்கு போச்சு. எல்லாருகிட்டயும் சொல்லிடு. இனிமே அண்ணிகிட்ட கேளுங்க."

இப்போது நெடுஞ்சாலை ஓட்டுநர்களுக்கு லுவாதான் வழிகாட்டி. அவள் சொல்வதில் மசாலா கணக்கெல்லாம் இராது. "ஹுவேயில பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஒரு அக்கா போடறாங்க. மூக்கு ஒழுகும், துண்டு எடுத்துட்டுப் போ." "நியாசாங்ல மீனு நூடுல்ஸ் பலமுறை தொவைச்ச பருத்தி மாதிரி. மெலிசு. ஒடம்பு சரியில்லேன்னா அங்க நில்லு." புதுக் கல்யாணக்காரன் கியெனுக்குத் தனி யோசனை: "பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டியா? அப்போ மீத்தோ வரைக்கும் பட்டினி கெட. அங்க போயி அந்த இனிப்புச் சாறைக் குடி. அப்புறம் நீயே அவளுக்குப் போன் பண்ணுவ." ஓட்டுநர்கள் விழுந்துவிழுந்து சிரிப்பார்கள். ஆனால் அவள் சொன்ன இடத்தில்தான் நிறுத்துவார்கள். பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் தியெப் அவ்வப்போது, "பாலத்துக்கு முன்னாலயா பின்னாலயான்னு சொல்லு" என்று திருத்துவார். வழி அவருடையது, வாசம் அவளுடையது.

போன பருவத்தில் தெற்குக் கோடியில் உள்ள சோக் சாங்குக்கு வெங்காயம் ஏற்றப் போனார்கள். விடிந்த நேரம். லாரிக்குள் மூட்டைகள் ஏறிக்கொண்டிருக்க, வெங்காய நெடி தாங்காமல் லுவா மூக்கைப் பொத்திப் பொத்திச் சலித்துப் போனாள். அவருக்கு மட்டும் எந்த நெடியும் தெரியவில்லை. கிடங்குக்கு எதிரே ஒரு நூடுல்ஸ் கடை. தெற்குப் பக்கம் வீட்டில் எத்தனையாவதாகப் பிறந்தார்களோ அதையே பேராக வைத்துக் கூப்பிடுவார்கள். அங்கே எல்லாரும் கடைக்காரியை ஐந்தாமக்கா என்றார்கள். புளிக்கவைத்த மீனைக் கரைத்து வடித்த சாறு, விரால், இறால், தோல் மொறுமொறுவென்று சுட்ட பன்றி. கிண்ணம் வந்ததும் லுவா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மீன் சந்தையில மழை பெஞ்ச மாதிரி இருக்குங்க. இதுக்கு மேல எங்கிட்ட கேக்காதீங்க."

தியெப் குனிந்து ஒரு கரண்டி எடுத்தார். வாய்வரை போன கரண்டி நின்றது. தலையைத் தூக்கி நாலுபுறமும் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"யாரு மண்ணெண்ணெய் ஊத்தினது?"

ஐந்தாமக்கா கரண்டியோடு வந்துவிட்டாள். "என்னங்க சொன்னீங்க? எங்க மாமியார் காலத்துலேருந்து இந்த அடுப்பு எரியுது. வடக்கத்திக்காரருக்கு எங்க சாறு மண்ணெண்ணெயா?"

"மண்ணெண்ணெய்தான்! நாத்தம் கொடலைப் புடுங்குது!" தியெப் எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் பல்.

"இந்தாளுக்கு என்ன, சிரிக்கிறாரு?"

லுவா கடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கோச்சுக்காதீங்க. இவருக்கு மூக்கு போயி நாளாச்சு. எந்த வாசமும் கெடையாது. வந்தா மொதல்ல கோணலாத்தான் வரும், ஒண்ணு இன்னொண்ணா மோக்கும், பயப்படாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இன்னிக்குத்தான் மொத மொதல்ல..."

ஐந்தாமக்கா கரண்டியை இறக்கினாள். தியெப்பை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். அவருடைய கிண்ணத்தை எடுத்துப்போய், அண்டாவின் அடியிலிருந்து கெட்டியாக வழித்து ஊற்றி, விரால் தலையொன்றையும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடுங்க அண்ணே. எங்க ஊரு மண்ணெண்ணெய்."

அவர் சாப்பிட்டார். குமட்டியது, கண்ணைச் சுருக்கி விழுங்கினார், அடுத்த வாய்க்குக் குனிந்தார். ஆவி அவருடைய மூக்குக்கண்ணாடியை முழுக்க மூடிவிட்டது. லுவா கையை நீட்டி அதைக் கழற்றினாள், சட்டை நுனியில் துடைத்தாள். அவர் தலை நிமிர்வதாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கையில் வைத்தபடி, அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.